ஃபோவிங்கல், சிவப்பு விளக்கு

வென்லோவில் ஒரு கோழிப்பண்ணைக்காரனிடம் வாங்கினேன்.
முப்பத்தோராம் ஆண்டு ஃபோர்ட். கூரை இல்லை, தரை இல்லை,
முட்டைத் தட்டுகள் அடுக்கிய வயிறு.
எஞ்சினுக்காகப் பிரெஞ்சு இராணுவ லொறி ஒன்று செத்தது:
எட்டுச் சிலிண்டர், தட்டைத் தலை,
இரண்டு பேர் தூக்கி மூன்று பேர் முதுகு பிடித்துக்கொண்டது.

பகலில் நான் பல் கட்டுகிறவள்.
கடைவாய்ப்பல் ஒரு மயிரிழை உயர்ந்தாலும்
வாய் மூடாது என்று தெரிந்த கை.
அந்தக் கையை வைத்துக்கொண்டு
முன்பக்கம் எவ்வளவு தாழ வேண்டும் என்று
பதினொரு கிழமையாய்த் தீர்மானிக்க முடியவில்லை.

முன்சில்லு சிறிது, பின்சில்லு பெரிது,
அது எல்லாருக்கும் தெரியும்.
எவ்வளவு சிறிது என்பதில்தான் இருக்கிறது
கார் பாயப்போகிறதா
இல்லை, குனிந்து காசு தேடுகிறதா என்பது.
கராஜ் கதவைத் திறந்துவிட்டுத் தெருவைக் கடந்து
இல்ஹானின் மரக்கறிக்கடை வாசலில் நின்று பார்ப்பேன்.
திரும்பி வந்து ஆக்சிலுக்கடியில் ஒரு மரத்துண்டை உருவுவேன்.
மறுபடி போவேன்.
"இனிமேல் ஏதாவது வாங்கினால்தான் நிற்கலாம்" என்றார் இல்ஹான்.
அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கத்தரிக்காய்.

முன்கண்ணாடிச் சட்டத்தை நான்கு விரல் அறுத்தோம்.
யசோதரன் பிடித்தான், நான் அறுத்தேன்.
"மூன்று போதாதோ?"
"மூன்று என்றால், நாலுக்குப் பயந்தது தெரியும்."
கதிரை இன்னும் வரவில்லை.
பெயின்ட் டின்மேல் இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தான்.
கண்ணாடி விளிம்பு சரியாக அவன் புருவத்தில்.
"மழை வந்தால்?" என்றான்.
வுப்பெர்டாலில் கேட்கக்கூடாத கேள்வி.

உடம்புக்குக் கறுப்பு, கரும்பலகைக் கறுப்பு, மினுக்கமே இல்லை.
சில்லுக்குச் சிவப்பு. கடையில் காட்டிய எதுவும் அந்தச் சிவப்பில்லை.
கடைசியில் வேலையிடத்திலிருந்து
ஈறு நிற மாதிரிப் பட்டையை எடுத்துப் போய்
ஏழாவதைக் காட்டினேன்.
விற்பனையாளன் தன் வாயை மூடிக்கொண்டான்.

பரிசோதகர் பிரிங்ஷுல்டே மட்டும் அசையவில்லை.
முன்சில்லுகளுக்கு மேல் தகடு வேண்டும்.
தகடு வந்தால் முகம் போய்விடும் என்றேன்.
"முகத்துக்குப் படிவம் இல்லை" என்றார்.
பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் மட்கார்டை
நகம் வெட்டுவதுபோல் வெட்டி வளைத்தேன்.
அளந்தார். சட்டம் முடிகிற இடத்தில்
இரண்டு மில்லிமீட்டர் மிச்சம்.
முத்திரை குத்திவிட்டு
எழுத இடமில்லாததால் வாயால் சொன்னார்:
வடிவாய் இருக்கிறது.

மே மாத ஞாயிறு. அதிசயமாய் வெயில்.
தொங்கு ரயிலின் பச்சை இரும்புக் கால்களுக்கிடையே
முதல் ஓட்டம்.
கடைக் கண்ணாடிகளில் எல்லாம் எங்களைப் பார்த்தேன்:
அந்தச் சாய்வு, அந்தத் தாழ்வு,
கதவிலிருந்து வால்வரை ஓடுகிற ஒற்றைக் கோடு.
பேக்கரிக் கண்ணாடியில் இன்னும் நன்றாய் இருந்தது.

சிவப்பு விளக்கு.
தலைக்கு மேலே ரயில் ஊர்ந்து தாண்டியது.
அதன் பின்யன்னலில் ஒரு பொடியன்
மூக்கை அழுத்திக்கொண்டு கீழே பார்த்தான்.
கையைக் காட்டினேன்.
அவன் காட்டவில்லை. எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் விளங்கியது.
இரண்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.
மேலிருந்து ஒரு நாளும் இல்லை.
டாஷ்போர்ட்டுக்கடியில் இடியப்பமாய்ச் சிக்கிய வயர்கள்,
"இந்தப் பக்கம் மேலே" என்று எழுதிய பெட்டிப்பலகைத் தரை,
ஜோடியில்லாத இரண்டு கதிரைகள்,
யசோதரனின் செருப்பு,
நடுவில், டை எட்டாத என் வகிடு.

விளக்கு பச்சையானதை
பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்துச் சொன்னான்.

வயர்களைப் பிடுங்கிவிட்டு அன்று பின்னேரமே
தெருவைக் கடந்தேன்.
"ஏணி இருக்குமா?"
இல்ஹான் தராசைத் துடைத்தார்.
"எத்தனை கிலோ?" என்றார்.