லிட்டருக்கு நாலு கிராம்

மேகோங் கடலிடம் தோற்ற மார்ச் மாதம்.
பென் ட்ரேயில் லுவாவின் வாய்க்கால்
விளிம்பு வரை தளும்புகிறது.
டுரியான் இலைகளோ
ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகுகின்றன.

முந்தாநாள் இரவு
மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.
அவ்வளவுதான் நடந்தது.

வேர் குடிக்கத்தான் போனது.
மண்ணில் உப்பு கூடுதல்;
தண்ணீர் உப்பு மிகுந்த பக்கமே சாயும்.
குடிக்கத் திறந்த வாய் வழியே
மரம் தன்னைத்தானே பறிகொடுத்தது.

அளவுமானி நாலு என்கிறது.
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
கண்ணீரை விடக் கரிப்பு குறைவு.

தம்பி தியெப்,
இயந்திரம் நின்ற படகில் ஆறு நாள் மிதந்தவன்,
நாலாம் நாள் கடலை அள்ளிக் குடித்தான்.
ஒரு குவளை உப்பைக் கழுவ
ஒன்றரைக் குவளை கேட்டது சிறுநீரகம்.
இல்லாத அரைக் குவளையை
அவன் சதையிலிருந்தே பிழிந்துகொண்டது.

இப்போது செவ்வாய், வியாழன், சனி
ஒரு பெட்டி அவன் ரத்தத்தை அலசித் தருகிறது.
டுரியானுக்கு அப்படியொரு பெட்டி
யாரும் செய்யவில்லை.

பார்ஜில் வந்த நல்ல தண்ணீர்
பதினொரு மரத்துக்குக் காணும்.
இருப்பது நாற்பது.
எதற்கு ஊற்ற? போனில் கேட்டாள்.
அந்தப் பக்கம் பெட்டியின் முனகல். பிறகு சிரிப்பு:

"எனக்கு நாளைக்கு அரை லிட்டர்தான் அனுமதி, அக்கா.
என் பங்கு மிச்சத்தையும்
கணக்கில் சேர்த்துக்கொள்."

அவள் வாளியோடு நின்றாள்.
காய்த்த மரங்கள் ஒரு பக்கம்,
இன்னும் பூக்காதவை ஒரு பக்கம்.
கீழே வாய்க்கால், நிறைய.