மஞ்சள் கோட்டுக்குள்

இரவு இரண்டேகாலுக்கு
மணிக்கட்டில் கட்டிய ஸ்கேனர் சிணுங்குகிறது.
ஆர்டர் 7731. நாற்பது பம்புகள்.
மூன்றாவது லைன். ஆறு மணிக்குள்.

வார்ப்பு உறை நாற்பது, சுழலி நாற்பது,
பேரிங் எண்பது, போல்ட் முந்நூற்று இருபது,
ரப்பர் வளையம் ஒரு பை.
வளையம் எப்போதும் பட்டியலின் அடியில்தான்.
அது இல்லாமல் போகிற அன்றுதான்
அத்தனை பேரும் அதன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள்.

வெளியே ஜிலினாவில் பனி கொட்டுகிறது.
லாரிக் கதவு மேலேறும்போதெல்லாம்
ஒரு கைப்பிடி உள்ளே வந்து
சிமெண்டுத் தரையில்
யார் கணக்கிலும் சேராமல் உருகுகிறது.

எந்த வரிசை, எந்தத் தட்டு என்று மென்பொருள் சொல்லும்.
நான் போவேன்.
முதலில் வந்தது முதலில் போகவேண்டும் என்பது அதன் நியாயம்.
பதினோரு வருஷமாக இதே இரவு ஷிப்டில் இருக்கிறேன்,
என்னை யார் ஸ்கேன் செய்வது?

பதினான்காம் வரிசை, மூன்றாம் தட்டு:
திரையில் எண்பது பேரிங்.
பெட்டியில் எழுபத்திரண்டு.
இரண்டு முறை எண்ணினேன்,
கையுறையைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை.
எழுபத்திரண்டு என்றே அடித்தேன்.
அது கோபப்படவில்லை. காரணம் மட்டும் கேட்டது:
ஒன்று, உடைந்தது. இரண்டு, இடம் மாறியது. மூன்று, மற்றவை.
நான் எப்போதும் மூன்றைத்தான் அழுத்துவேன்.
எனக்குத் தெரிந்து உலகத்தில் நடப்பதெல்லாம் மூன்றுதான்.
ஒரு வட்டம் சுற்றியது; பிறகு
மீதி எட்டுக்கு
இருபத்திரண்டாம் வரிசைக்குப் போகச் சொன்னது.

ஸ்லாவ்கோ ஃபோர்க்லிஃப்டில் உறைகளைக் கொண்டுவந்தான்.
லைனின் காலடியில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கட்டம்.
அதற்குள் அடுக்குவதில் ஒரு முறை உண்டு,
மென்பொருளுக்குத் தெரியாதது:
லைனில் நிற்கும் வ்லாஸ்தா இடதுகைக்காரி.
வளையங்களை அவளுக்கு இடப்பக்கம் வைப்பேன்,
போல்ட்டுகளை இடுப்பு உயரத்தில்,
உறைகளின் வாய் அவளைப் பார்த்தபடி.
நாலு நாற்பதுக்கு எல்லாம் முடிந்து
இலை போட்டுப் பரிமாறி வைத்த பந்தி மாதிரி இருந்தது கட்டம்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஸ்கேனர்:
ஆர்டர் 7731 ரத்து.

அவ்வளவுதான். ஒரு வரி.
வீட்டிலிருந்து ஒண்ட்ரே அழுத்தியிருப்பார்,
ஒரு கண்ணை மூடியபடியே.
கிடங்கைவிட்டுப் போய்விட்டது என்கிறது ஒரு திரை.
லைனுக்கு வந்து சேரவில்லை என்கிறது இன்னொன்று.
திருப்பி வைக்க என் ஸ்கேனரில் பொத்தான் கிடையாது,
அது எட்டு மணிக்கு வருகிறவர்களிடம் இருக்கிறது.
இதற்குள் 7740 வந்துவிட்டது.
அதே கட்டம் வேண்டுமாம், ஆறு மணிக்குள்.

"அப்படியென்றால் இவை இப்போது எங்கேதான் இருக்கின்றன?"
ஸ்லாவ்கோ எஞ்சினை அணைத்தான்.
லெஸ்கோவாட்ஸில் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவன்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
ஏஜென்சியிலிருந்து குறுஞ்செய்தி வரும்,
நீட்டிப்பு உண்டு என்றோ, இல்லை என்றோ.
இந்தத் தடவை இன்னும் வரவில்லை.
"டேப் இருக்கிறதா?" என்றான்.

தூணுக்குப் பின்னால், காபி இயந்திரத்தின் பக்கம்,
மஞ்சள் டேப்பால் இன்னொரு கட்டம் ஒட்டினோம்.
கொஞ்சம் கோணல்.
எந்த வரைபடத்திலும் இல்லாத இடம்.
பம்பாகாத நாற்பது பம்புகளையும் அங்கே நகர்த்தினோம்.
வளையங்களை மறுபடியும் இடப்பக்கமே வைத்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.

ஸ்கேன் செய்தால் பழைய கட்டத்தில் இருப்பதாகத்தான் காட்டும்.
பகல் ஷிப்ட் தேடும். யார்மிலா கத்துவாள்.
அதனால் பழைய கட்டத்தின் விளிம்பில்
சாக்பீஸால் ஓர் அம்பு போட்டேன், தூணைப் பார்த்து.

ஐந்தரைக்கு 7740-இன் முதல் பாலெட்
அம்பின் மேலேயே வந்து இறங்கியது.
ஸ்லாவ்கோ குனிந்து பார்த்தான்.
மறுபடி வண்டியில் ஏறி,
அதன் நுனி தெரிகிற அளவுக்கு
ஒரு சாண் பின்னுக்கு இழுத்தான்.