அறுநூற்றைம்பது சுற்று

நாளொன்றுக்கு அறுநூற்றைம்பது சுற்று.
வலமாகப் பாதி, இடமாகப் பாதி,
நடுவில் ஓய்வு.
பெட்டிக்குள் மூன்று கடிகாரங்கள்
யாரோ நடக்கிறார் என்று நம்புகின்றன.

"நிறுத்திவிடு. எண்ணெய் உறையும் என்பதெல்லாம் கதை,
ஓடினால்தான் தேயும்" என்பான் தம்பி கல்யோ.
"நின்றால் நிலாவை யார் திருப்புவது,
ஊசியால் குத்திக் குத்தி?" என்பான் அர்வெட்.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
தூக்கம் வராத இரவில் அந்த மோட்டார்
கண்ணாடியில் மாட்டிய ஈ போல முனகும்,
அவ்வளவே.

ஜனவரியில், தாலின் துறைமுகத்துக்கு வெளியே,
சரக்குக் கப்பலேறும் கயிற்றேணியில் வழுக்கி
இடுப்பெலும்பு முறிந்தது அவனுக்கு.
மல்லாந்தே கிடந்தான்.
நர்ஸிடம் கெஞ்சி
மணிக்கட்டிலேயே வைத்திருந்த கடிகாரம்
மூன்றாம் நாள் விடியுமுன்
நாலு இருபதுக்கு நின்றது.
நாடி இருந்தது,
அசைவுதான் இல்லை.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன்.
இருட்டில் மூன்றும் சரியான நேரம்.
பௌர்ணமிகூடத் தப்பவில்லை.
கோபமோ என்னவோ,
பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுநாள் கேட்டான்: "பெட்டி ஓடுகிறதா?"
"ஓடுகிறது" என்றேன்.
டிராமைப் பிடிக்க,
பனிமேட்டைத் தாண்ட,
நான்காம் மாடிக்குப் படியேற.
பொய்யில்லை.
கோட்டுக் கைக்குள்
இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று,
தொளதொளத்த பட்டைகளோடு.

சற்றுநேரம் பார்த்தான்.
பிறகு தன்னுடையதையும்
கழற்றி நீட்டினான்.
வலக்கையில் இன்னும் இடம் இருந்தது.