இடக்கை

ரீகாவில் பதினோராம் எண் டிராம். பிப்ரவரி.
சீட்டுப் பரிசோதகர் விஸ்மா
காலையிலிருந்து ஏழு பேருக்கு அபராதம் எழுதிவிட்டாள்.
ஏழாவது ஒரு பெண்.
மடியில் மருந்துக்கடைப் பை.
பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று
விஸ்மாவின் தாய்மொழியிலேயே அழுதாள்.
பக்கத்து இருக்கைக்காரர் தொண்டையைச் செருமிவிட்டு
ஜன்னல் பனியைப் பார்த்தார்.
விதி விதிதான்.
அழுகையைத் தினமும் பார்க்கிறவள்.

எட்டாவது, சாப்பாட்டுப் பை சுமக்கும் உஸ்பெக் பையன்.
இவள் பேச்சு அவனுக்கு விளங்கவில்லை,
அவன் பேச்சு இவளுக்கு.
கையெழுத்துப் போடக் கையுறையைக் கழற்றினான்.
இடக்கை.
மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைத்து
எழுதிய மையின் மேலேயே
விரலை இழுத்துக்கொண்டு போனான்.

ஒன்றாம் வகுப்பில்
அவள் கையை நாற்காலியோடு கட்டிவைத்த நாடா
சட்டென்று இறுகியது.
தாளைக் கிழித்தாள். போ, போ.
காரணம் தெரியாமலே இறங்கி ஓடினான் பையன்.

கடைசி நிறுத்தம். காலி டிராம்.
கணக்கு எழுதுகிறாள்: ஏழு.
சுண்டுவிரலோரம் வழக்கம்போல் மை.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே,
எந்தக் கையால்?

பார்க்கவில்லை.