நாலாவது கட்டம்

தக்கலையில், மருந்துக்கடை மாடியில்,
பதினோரு நாற்காலி, ஒன்பது பேர்.
உரிமம் பெற்ற நில அளவையர் சங்கம்.
செயலாளர் நான்
கோடு போட்ட நோட்டில் கட்டம் இழுத்தேன்:
எண். வேலை. தேதி. பொறுப்பு.

முதல் இரண்டும் சுளுவாக நிறைந்தன.
வட்டத்துக் குளங்களை அளந்து
கரைக்குக் கல் நட்டு
படம் வரைந்து கலெக்டர் ஆபீசில் கொடுப்பது:
போன கூட்டத்தில் கைதட்டலோடு நிறைவேறிய தீர்மானம்.
கைதட்டியவர்களில் இருவர்
இன்று இரணியலில் கல்யாண வீட்டில்.

"மைல்கல் வைக்கணும் ஓய், மைல்கல்"
என்றார் தலைவர் சுயம்புலிங்கம்.
ஏதோ பயிற்சி வகுப்பில் பிடித்துவந்த சொல்.
"ரோடு அகலப்படுத்தினப்போ
பிடுங்கணும்னு நான் குறிச்சுக் குடுத்ததே ஏழு மைல்கல்லாக்கும்"
என்றார் ததேயு, ஏத்தங்காய் வற்றலை மென்றபடி.

கல் எங்களுக்கு உவமையில்லை.
தோளில் அழுத்தும் கனம் அது.
பக்கத்து விளைக்காரன்
இருட்டில் இரண்டடி தள்ளி நடும் பொருள்.
நகராத கல்லை இதுவரை நான் பார்த்ததில்லை.
தேதியும் அந்த ஜாதிதான்.

மார்ச் முப்பத்தொன்று என்று எழுதப்போனேன்.
ஜாஸ்மின் பிறீடா தடுத்தாள்.
"குளத்துக்கு நமக்க காலண்டர் தெரியாது சார்.
பங்குனியில தண்ணி இறங்கும்,
கரை அடிக்காலைக் காட்டும். அப்போ அளக்கணும்.
இடவப்பாதி பிடிச்சா
அளக்கது பாசியையாக்கும்."

எனவே முதல் கல்: கரையடி தெரிகிற நாளில் நாற்பது குளம்.
இரண்டாவது: கன்னிப்பூ அறுத்து
கும்பப்பூவுக்கு உழும் இடைவெளியில் அத்தனைக்கும் படம்.
மூன்றாவதைப் பென்சிலில் எழுதினோம்.

பிறகு நாலாவது கட்டம்.
பேர் கேட்டதும்
மின்விசிறியில் எல்லோருக்கும் ஏதோ தெரிந்தது.
மைதீன் பிச்சைக்கு முட்டுவலி, சமதரை போதும்.
ததேயு கடலோரம் மட்டும்.
டோட்டல் ஸ்டேஷன் வைத்திருக்கும் றெஜி
பேட்டரிக்கு யார் காசு தருவார் என்று கேட்டான்.
ஆனாலும் நிறைந்துகொண்டே வந்தது,
பேருக்குப் பேர், குளத்துக்குக் குளம்,
முப்பத்துமூன்று வரை.

முப்பத்துநாலு: காக்கமூட்டுக் குளம்.

புலப்படத்தில் அது இன்னும் நீலம்.
போய்ப் பார்த்தால் நாற்பத்திரண்டு மனை,
ஒரு டைல்ஸ் கிட்டங்கி, ஒரு ஜெபவீடு.
மனைப்பிரிவு வரைபடத்தின் வலது மூலையில்
ஒரு கையெழுத்து.
மகளை நர்சிங் சேர்த்த வருஷம் அது.
"நீர் இல்லை, தரிசு" என்று நான் எழுதியபோது
செருப்பில் சேறு ஒட்டியிருந்தது.

ஒன்பது பேருக்கும் தெரியும்.
கட்டன் சாயா ஆறுவதை
ஒன்பது பேரும் கவனமாகப் பார்த்தோம்.

"அதைப் பொதுவில போடும்" என்றார் தலைவர்,
நல்ல மனுஷன்.
எழுதினேன்: அனைவரும்.
அழகான சொல். கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

பிறீடாவுக்கு என் கதை தெரியுமோ என்னவோ,
நோட்டை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"அனைவரும்னா யாராக்கும் சார்?
டேப்புல சைபர் முனைய
யாரு குனிஞ்சு பிடிப்பா?"

முப்பது வருஷத் தொழிலில்
இதைவிட நேரான கோட்டை யாரும் எனக்குப் போட்டதில்லை.

அனைவரையும் அடித்தேன்.
இனிஷியலோடு என் பேர் எழுதினேன்,
வரைபடத்தில் இட்ட அதே சுழிப்போடு;
கை வேறு எழுத்து பழகவில்லை.

"தேதி?" என்றார் சுயம்புலிங்கம்,
என் முகத்தைப் பார்க்காமல்.
மற்றக் குளங்களுக்குப் பங்குனி வரவேண்டும்,
தண்ணீர் இறங்கவேண்டும்.
இங்கே இறங்கத் தண்ணீர் இல்லை.
தள்ளிப்போட ஒரு காரணமும் கிடைக்காமல்
திங்கள், காலை ஏழு
என்று எழுதினேன்.