கரையும் நேரம்

பொரளை ஆய்வுகூடத்தில் இரவுப்பணி.
குழாயில் உறைந்த ரத்தம்
எப்போது கரையும் என்று
மணிக்கூட்டோடு காவல் இருப்பேன்.

"அளவாய் எடுத்தால் கட்டி கரையுமாம்,
இதயத்துக்கும் நல்லதாம்"
என்பார் கொட்டாஞ்சேனை யூஜின் அத்தான்.
போயாவுக்கு முதல்நாளே வாங்கி
அரிசி வாளிக்குள் புதைத்த சாராயத்தை
பாணிமருந்து மூடியால் அளப்பார்.
ஒரு மூடி.
மூடி சின்னனென்று
இன்னொன்று.

கரையலாம், அத்தான்.
கூடினால்
கரைக்க வந்ததே
கட்டியும் வைக்கும்.
என் குழாய்க்குத் தெரிந்தது
நேரம் மட்டும்.
மூடிக்கணக்கு அதற்குத் தெரியாது,
அக்காவுக்குத் தெரியும்.

நேற்று வந்த குழாயில்
அவர் பெயரை நானே ஒட்டினேன்.
மணிக்கூட்டை முடுக்கிவிட்டு,
மேசையில் அதிரும்
அக்காவின் அழைப்பை எடுக்காமல்
உறைந்ததையே பார்த்திருந்தேன்.
வெளியே
முதல் பஸ் போனது.