ஈ எங்கே செத்தது

படிவத்தில் பதினான்கு கேள்விகள்.
எழுதியவர் யார். எப்போது. எதைப் பார்த்து.
யார் காசு கொடுக்கிறார்கள்.
எஸ்டோனியாவில், தார்த்து நகரத்தில்,
கல்வி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
பத்து வயதுப் பிள்ளைகளுக்கான வரலாற்றுத் தளங்களுக்கு
நான் மதிப்பெண் போடுகிறேன்.
பச்சை என்றால் பள்ளிக்குப் போகும்.
சிவப்பென்றால் போகாது.
ஹெல்வி மஞ்சளையே அதிகம் போடுகிறாள் என்று
மேலதிகாரிக்குக் குறை.

இந்த வாரம் சூர்னா ஏரி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, மார்ச்.
உறைந்த ஏரிமேல் பள்ளிக்குப் போன சறுக்குவண்டி.
நடுவழியில் விரிசல்.

முதல் தளத்தில் ஒரு முள்ளெலி கதை சொல்கிறது.
தலையில் தொப்பி; தொட்ட இடமெல்லாம் மணி அடிக்கிறது.
படத்துப் பிள்ளைகள் எல்லோரும்
ஜிப் வைத்த குளிர்ச்சட்டை போட்டிருக்கிறார்கள்.
அந்தக் காலத்தில் ஏது ஜிப்?
சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது, சாம்பல் நிறம், மெல்லிய எழுத்து,
அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு.
கோட்டு போட்டு வந்தால் பொய்க்கும் நாற்காலி கிடைக்கும்.
எழுதியவர் பெயர் மட்டும் இல்லை.
'எங்கள் குழு' என்கிறது.
குழுவைச் சொடுக்கினால்
சூரியன் மறையும் படம் ஒன்று.

மூன்றாவதில் நாலு வரி வரலாறு,
மிச்சமெல்லாம் மிட்டாய் விளம்பரம்.

மூன்றும் சொல்கின்றன: இறந்தது பத்தொன்பது பிள்ளைகள்.
மூன்று சாட்சி ஒத்துப்போனால்
கூடுதல் புள்ளி உண்டு.
போட்டிருப்பேன்.
ஆனால் ஓஸ்கார் என்றொரு பையன் அந்த வண்டியில் இருந்தான்.
மூன்றிலும் அவன் ஓஸ்கா.
ஒரே 'ர்' மூன்று இடத்தில் விழுந்திருக்கிறது.

ஈயடிச்சான் காப்பி.
சாட்சி ஒன்றுதான். வாய் மூன்று.

தோண்டிக்கொண்டே போனேன்.
நகல், நகலின் நகல்,
எல்லாவற்றிலும் அதே மூலையில் அதே செத்த ஈ.
வியாழன் மதியம், காபி ஆறிப்போயிருந்தது,
அடியில் ஒரு பழைய பக்கம் அகப்பட்டது.
ஊர் அருங்காட்சியகம், இரண்டாயிரத்து இரண்டு, கோடை.
நீலப் பின்னணியில் கண்ணைக் குத்தும் மஞ்சள் எழுத்து.
கடைசி வரி:
தட்டச்சு, ஹெ. ஆ.

ஹெ. ஆ.வுக்கு அப்போது பதினேழு வயது.
மணிக்கு இருபது குரோன் கூலி.
ஜன்னலுக்கு வெளியே, அதே ஏரியில்,
யார் யாரோ குதிக்கிற சத்தம்.

வெள்ளிக்கிழமை பேருந்து பிடித்துப் போனேன்.
அந்தத் தாள் அலமாரியில் இன்னும் இருந்தது.
பாதிரியார் கையெழுத்தில் ஒன்பது.
அதற்கு முன்னால் தாளின் மடிப்பு,
நேராக, ஒல்லியாக, அச்சாக ஒன்று மாதிரி.
கீழே பெயர்கள்.
விரல் வைத்து எண்ணினேன். ஒன்பது.
அத்தனை பெயரையும் நானேதான் தட்டியிருக்கிறேன்.
எண்ணவில்லை.

மூன்று தளத்துக்கும் எழுதினேன், முழுப் பெயர் போட்டு.
சாம்பல் தளம் அந்த நிமிடமே நன்றி சொன்னது,
யாரும் உட்கார்ந்து எழுதாத நன்றி.
பத்தொன்பது அப்படியே நிற்கிறது.
மூன்றாவது இப்போது தினமும் எனக்கு மிட்டாய் விற்கிறது.
முள்ளெலியை நடத்துபவர் வோருவில் லாரி ஓட்டுகிறாராம்,
பெயர் அய்வர்.
ராத்திரி பதினொன்றுக்கு ஒரே வரியில் பதில்:
'ஜிப்பையும் எடுக்கணுமா?'
காலையில் பார்த்தேன். எல்லாச் சட்டையிலும் பித்தான்.
முள்ளெலி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
நேற்றுவரை நான் தப்பாகச் சொன்னேன் என்கிறது.
அந்த இடத்தில் தொட்டால் மணி அடிக்கவில்லை.

இதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
பேனாவால் ஒன்று வரைந்தேன், கோணலாக.

ஏரிக்கரைப் பள்ளியில் வருஷா வருஷம் மார்ச்சில்
பத்தொன்பது மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள்.
அதில் பத்து என் பிள்ளைகள்.
பெயர் வைக்கவில்லை, பல் முளைக்கவில்லை,
நேரே தண்ணீருக்குள் பெற்றுப்போட்டேன்.
வரும் மார்ச்சில் அவர்களுக்கு மெழுகுவத்தி இல்லை.
சரிதான், அதுதான் நியாயம்.

அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது
பேருந்து காலியாகத்தான் இருந்தது.
பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து
தார்த்து வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன்.